கரியும் கதிரும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில், சம்பூர் என்னும் ஊர் இருக்கின்றது. வயலும் கடலும் மேய்ச்சல் நிலமும் ஒருங்கே அமைந்த ஊர் அது. அவ்வூரின் அருகே கிடக்கும் ஏறத்தாழ 500 ஏக்கர் நிலத்திற்கு இரண்டு முறை திட்டம் வகுக்கப்பட்டது. முதன்முறை அங்கே எழவிருந்தது 500 மெகாவாற்று வலுவுடைய நிலக்கரி மின்னிலையம். இரண்டாம் முறை வகுக்கப்பட்டது 120 மெகாவாற்று வலுவுடைய சூரிய மின்னிலையம். இவ்விரு திட்டங்களிலும் இலங்கை மின்சார சபையுடன் பங்காளியாக நின்ற இந்திய நிறுவனம் ஒன்றேயாகும். அதன் பெயர் என்.ரி.பி.சி. இந்தியாவின் மிகப்பெரிய மின்னாக்க நிறுவனம் அதுவே.

நிலக்கரியை எரிப்பதற்கென்றே பிறந்து, நிலக்கரியினாலேயே வளர்ந்து, நிலக்கரியைத் தன் பெயரிலும் குறிப்பாகத் தாங்கி நின்ற ஒரு நிறுவனம், ஞாயிற்றின் ஒளியை நாடித் திரும்பியது எவ்வாறு? அத்திருப்பம் எத்துணை ஆழமானது? அதனால் தீர்ந்த இடர்கள் எவை, தீராதவை எவை? இவ்வினாக்கள் மின்னியல் அறிஞருக்கு மட்டும் உரியவை அல்ல. மாலையில் விளக்கேற்றும் ஒவ்வொரு வீட்டிற்கும், மின்னிலையம் எழும் நிலத்தில் வாழும் ஒவ்வொரு குடிக்கும் இவை உரியவை. எனவே, அந்நிறுவனத்தின் வரலாற்றை அதன் தொடக்கத்திலிருந்து நோக்கி, மீண்டும் சம்பூருக்கு வந்து சேர்தல் பொருத்தமாகும்.

1975 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7 ஆம் நாள், இந்திய அரசு தேசிய அனல்மின் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. அதுகாறும் மின்னாக்கம் பெரும்பாலும் மாநில மின்சார வாரியங்களின் பொறுப்பிலேயே இருந்தது. வாரியங்களிடம் பொருள் வளம் குறைவு; நாட்டின் மின் தேவையோ நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தது. நிலக்கரியை நெடுந்தொலைவு புகைவண்டியில் ஏற்றிச் சென்று நகரங்களின் அருகே எரிப்பதிலும், சுரங்கத்தின் வாயிலிலேயே பெருநிலையங்களை அமைத்து, அங்கு விளையும் மின்சாரத்தைக் கம்பி வழியே பல மாநிலங்களுக்கும் பகிர்வது சிக்கனம் எனக் கருதப்பட்டது. அக்கருத்தின் முதற் கனியாக அமைந்தது சிங்ரௌலி நிலையம். உத்தரப் பிரதேசத்தின் தென்கிழக்கு மூலையில், றிஹண்ட் அணையின் பெருநீர்த்தேக்கக் கரையில், உலக வங்கியின் கடனுதவியோடு அது கட்டப்பட்டது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதன் முதலாவது 200 மெகாவாற்றுப் பொறி இயங்கத் தொடங்கியது. பின்னர் அந்நிலையம் 2,000 மெகாவாற்றாக வளர்ந்தது.

நிலக்கரி மின்னிலையத்தின் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. கரியை மாவாக அரைத்துக் கொதிகலனுள் ஊதி எரிப்பர். அவ்வெப்பம் நீரை நீராவியாக்கும். நீராவி சுழலியைச் சுழற்ற, அதனோடு இணைந்த மின்பிறப்பாக்கி மின்சாரத்தைத் தரும். அடுப்பில் கொதிக்கும் பானையின் மூடியை எழுப்புகின்ற அதே ஆவிதான் அங்கும் வேலை செய்கின்றது. அளவு ஒன்றே வேறு. 2,000 மெகாவாற்று நிலையமொன்று முழுவலுவில் இயங்குமாயின், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30,000 தொன் கரியை உண்ணும். இந்திய நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு சாம்பராக எஞ்சுவதுண்டு. எனவே அந்நிலையம் நாள்தோறும் ஒரு சாம்பர்க் குன்றையும் ஈன்றுகொண்டேயிருக்கும். ஒரு பகுதி சீமெந்துக்கும் செங்கல்லுக்கும் பயன்பட, எஞ்சியது நீரோடு கலந்து சாம்பர்க் குளங்களில் விடப்படும். புகைபோக்கி வழியே காபனீரொட்சைட்டும் பிற வாயுக்களும் வானில் கலக்கும்.

அந்நிலக்கரி செய்த நன்மையை மறைத்தல் நீதியாகாது. வட இந்தியாவின் ஆலைகளையும் புகைவண்டிகளையும் கிணற்று நீரிறைக்கும் பொறிகளையும் இயக்கியதிற் பெரும்பங்கு அதற்குண்டு. பாடசாலைப் பிள்ளை இரவில் நூல் படித்ததும் அதன் ஒளியிலேயே. ஆனால் அவ்வொளிக்குரிய விலையைச் சிங்ரௌலியின் மக்கள் முன்னரே செலுத்தியிருந்தனர். 1962 இல் முற்றுப்பெற்ற றிஹண்ட் அணையின் நீர் அவர்தம் பழைய ஊர்களை மூழ்கடித்தது. கரையேறிக் குடியமர்ந்த குடும்பங்களிற் பல, பின்னர் சுரங்கங்களும் மின்னிலையங்களும் எழுந்தபோது மீண்டும் பெயர்ந்து செல்ல நேர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் இருமுறை வீடிழந்தோர் அங்கு உளர். தொலைவிலுள்ள நகரத்திற்கு விளக்கு, அருகிலுள்ள கிராமத்திற்குச் சாம்பர் என்னும் நிலை, நிலக்கரி நாகரிகத்தின் மாறாத இலக்கணமாயிற்று.

இத்தகைய நிறுவனம் ஞாயிற்றை நோக்கித் திரும்பியது அருளினால் மட்டும் நிகழ்ந்ததன்று. விலை மாற்றமும் அரசின் ஆணையும் அதற்குக் காரணமாயின. ஞாயிற்றின் பயனை உழவர் அறியாதவர் அல்லர். தைத் திங்களின் முதல் நாளில் புதுப்பானையில் பொங்கிப் படைத்து நன்றி கூறும் மரபு, விளைவுக்கு மூலம் எதுவென்று அறிந்தோர் வகுத்த மரபேயாகும். ஆனால் அவ்வொளியை நேரே மின்சாரமாக மாற்றும் சூரியத் தகடு நெடுங்காலம் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. சிலிக்கன் என்னும் மூலகத்தாலான மெல்லிய வில்லைகளில் ஒளி படும்போது அதனுள் இலத்திரன்கள் பெயர்ந்து நேரோட்ட மின்சாரம் பிறக்கின்றது. அதனை ஆடலோட்டமாக மாற்றும் கருவியும், அழுத்தத்தை உயர்த்தும் நிலைமாற்றியும் சேர்ந்துவிட்டால், அம்மின்சாரம் நாட்டின் மின்தொகுதியிற் கலந்துவிடும். கொதிகலனும் இல்லை, சுழலியும் இல்லை, சாம்பரும் இல்லை. தடையாய் நின்றது விலை ஒன்றே.

2010 ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அரசு ஜவகர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டளவில் 20,000 மெகாவாற்று என்பது அதன் முதல் இலக்கு. 2015 இல் அவ்விலக்கு 1,00,000 மெகாவாற்றாக உயர்த்தப்பட்டது. இயக்கம் தொடங்கிய ஆண்டில் மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையம் சூரியத் தகட்டு மின்சாரத்திற்கு வகுத்த விலை அலகொன்றுக்கு 17 ரூபா 91 சதம். அவ்விலையில் அதனை வாங்க எந்த மாநிலமும் முன்வராது. ஆகவே ஓர் உபாயம் கையாளப்பட்டது. என்.ரி.பி.சி. நிறுவனத்தின் மின் வணிகக் கிளை, விலை மிகுந்த சூரிய மின்சாரத்தை வாங்கி, அதே நிறுவனத்தின் மலிவான நிலக்கரி மின்சாரத்துடன் கலந்து, இரண்டும் சேர்ந்த ஒரு நடுத்தர விலைக்கு மாநிலங்களுக்கு விற்றது. முதற் கட்டத்தில் 1,000 மெகாவாற்றுச் சூரிய வலுவோடு அதே அளவு நிலக்கரி வலு இவ்வாறு இணைக்கப்பட்டது. இந்தியாவின் சூரிய மின்சாரக் குழந்தை நடை பயின்றது நிலக்கரியின் விரலைப் பற்றிக்கொண்டுதான் என்று கூறுதல் மிகையன்று.

குழந்தை விரைவில் வளர்ந்தது. சீன நாட்டின் ஆலைகள் தகடுகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்தமையாலும், ஏலமுறையில் நிறுவனங்கள் தம்முள் போட்டியிட்டமையாலும் விலை ஆண்டுதோறும் வீழ்ந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில், இராசத்தான் பாலைவனத்துப் பட்லா என்னும் இடத்தில் நடந்த ஏலத்தில் அலகொன்றின் விலை 2 ரூபா 44 சதமாயிற்று. அதனினும் குறைந்த விலைக்குப் புதிய நிலக்கரி நிலையமொன்றால் மின்சாரம் தருதல் அரிது. அன்று முதல் கணக்குப் புத்தகமே சூரியனின் பக்கம் பேசத் தொடங்கியது.

என்.ரி.பி.சி. நிறுவனம் தன் முதற் சூரிய நிலையங்களை 2013 இல் அமைத்தது. டெல்லிக்கு அருகே தாத்ரியிலும், அந்தமானில் போட் பிளேயரிலும் அமைந்த அவை ஒவ்வொன்றும் 5 மெகாவாற்று மட்டுமே. அடுத்துவந்த ஆண்டுகளில் சிங்ரௌலியின் கரி நிலையத்து வளவிலும் 15 மெகாவாற்றுச் சூரிய நிலையம் எழுந்தது. ஆந்திரத்து அனந்தபுரத்திலும் மத்தியப் பிரதேசத்து மந்த்சூரிலும் தனித்தனி 250 மெகாவாற்று நிலையங்கள் தோன்றின. நிலம் கிடைப்பது அரிதாகிய இடங்களில், அந்நிறுவனம் தன் பழைய மின்னிலையங்களுக்கென வெட்டிய நீர்த்தேக்கங்களின்மேலேயே தகடுகளை மிதக்கவிட்டது. தெலுங்கானாவின் இராமகுண்டத்தில், கரி நிலையத்திற்கு நீரளிக்கும் தேக்கத்தில், ஏறத்தாழ 500 ஏக்கர் நீர்ப்பரப்பின்மீது 40 தொகுதிகளாக மிதக்கும் 100 மெகாவாற்று நிலையம் 2022 இல் நிறைவெய்தியது. நீரின் குளிர்ச்சி தகட்டின் ஆற்றலைப் பேணுகின்றது. தகட்டின் நிழல் நீர் ஆவியாவதைக் குறைக்கின்றது. கேரளத்துக் காயங்குளத்தில், எரிபொருள் விலை கட்டுபடியாகாமையால் ஓய்ந்து கிடந்த நப்தா மின்னிலையத்தின் அருகேயும் 92 மெகாவாற்று நிலையம் அவ்வாறே நீரில் மிதந்தது.

இவையெல்லாம் முன்னோட்டமே. குசராத்தின் வட எல்லையில், கட்ச் உவர்நிலத்தின் ஓரத்தில் காவ்டா என்னும் இடம் உண்டு. உழவுக்கு உதவாத, உப்புப் பூத்த பெருவெளி அது. அங்கு 4,750 மெகாவாற்றுச் சூரியப் பூங்காவை அமைப்பதற்கு இந்நிறுவனம் 2021 இல் அனுமதி பெற்றது. 2022 இல் புதுப்பிக்கத்தக்க சக்திக்கெனத் தனிக் கிளை நிறுவனமொன்று தோற்றுவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அது பொதுமக்களிடம் பங்குகளை விற்று 10,000 கோடி ரூபா திரட்டியது. 2032 ஆம் ஆண்டளவில் 60,000 மெகாவாற்றுப் புதுப்பிக்கத்தக்க வலு என்பது தாய்நிறுவனத்தின் இலக்கு. அனல்மின் என்னும் சொல்லைத் தாங்கிய பழைய பெயரை அது 2005 இலேயே சுருக்கி, எழுத்துக்களை மட்டும் பெயராகக் கொண்டிருந்தது.

இத்துணை மாற்றத்திற்குப் பின்னும், கணக்கை நேர்மையாகப் பார்த்தல் வேண்டும். 2025 ஆம் ஆண்டில் இந்நிறுவனக் குழுமத்தின் மொத்த வலு 80,000 மெகாவாற்றைக் கடந்தது. அதிற் பெரும்பகுதி நிலக்கரியே. சூரிய நிலையங்களைக் கட்டும் அதே காலத்தில் புதிய கரிப் பொறிகளையும் அது கட்டியே வருகின்றது. இதனை வெறும் இரட்டை வேடம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அதன் காரணத்தை விளங்கிக்கொள்வது பயனுடையது. கதிரவன் மலைவாயில் வீழும் வேளையிலேதான் வீடுகளில் விளக்கேறுகின்றது, அடுப்பறையிலும் கூடத்திலும் பொறிகள் சுழல்கின்றன. அந்நேரத்துத் தேவைக்குப் பகலின் ஒளியைச் சேமித்துவைக்கும் வழி போதிய அளவில் அமையாதவரை, மின்னாக்குவோர் கரியை முற்றாகக் கைவிடத் துணியார். மலிவான மின்சாரம் வேறு, வேண்டிய நேரத்தில் வாய்க்கும் மின்சாரம் வேறு என்னும் பாடத்தைச் சூரிய சக்தி ஒவ்வொரு மாலையிலும் கற்பித்துக்கொண்டிருக்கின்றது.

மற்றுமொன்று தொழிலாளரைப் பற்றியது. டெல்லியின் தென்புறத்தில் இந்நிறுவனம் நடத்திவந்த பதர்பூர் கரி நிலையம், நகரத்தின் காற்று மாசினை முன்னிட்டு 2018 ஒக்ரோபரில் மூடப்பட்டது. அதனால் நகர மக்களின் மூச்சுக்கு நன்மையே. ஆயினும் கரி நிலையமொன்றைச் சுற்றிச் சுரங்கத் தொழிலாளர், சரக்கு ஏற்றுவோர், சாம்பர் அள்ளுவோர், தேநீர்க்கடை வைத்திருப்போர் எனப் பலர் வாழ்கின்றனர். சூரிய நிலையம் கட்டப்படும் மாதங்களில் மிகுந்த கைகளுக்கு வேலை தரும். கட்டி முடிந்தபின்னர் காவலுக்கும் தகடு துடைப்பதற்கும் பராமரிப்பிற்கும் சிலரே போதும். ஆகவே எரிபொருள் மாறும்போது மனிதரின் பிழைப்பும் மாறுகின்றது. அம்மாற்றத்திற்கு முன்கூட்டியே வழி வகுப்பது நிறுவனத்தின் கடன். அரசின் கடனும் ஆகும்.

இனிச் சம்பூருக்குத் திரும்பலாம். 2006 ஆம் ஆண்டில் மூண்ட போர் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா முதலிய ஊர்களின் மக்களை இடம்பெயரச் செய்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, அப்பகுதியில் நிலக்கரி மின்னிலையம் அமைப்பதற்கு இலங்கை அரசும் மின்சார சபையும் என்.ரி.பி.சி. நிறுவனமும் புரிந்துணர்வு உடன்பாடு செய்தன. 2007 இல் அந்நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. உரிமையாளர் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைபறிச்சானிலும் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். அவர் இல்லாத நிலத்தில் அவரைக் கேளாமலே வரைபடம் வரையப்பட்டது. 2011 இல், சரிபாதிப் பங்குடன் திருகோணமலை மின்சக்திக் கம்பனி உருவாகியது. 250 மெகாவாற்றுப் பொறிகள் இரண்டு அங்கே எழும் என்று திட்டமிடப்பட்டது.

2015 இலும் 2016 இலும் நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட, மக்கள் தம் ஊருக்கு மீண்டனர். கிணறுகள் தூர்ந்தும் வீடுகள் தரைமட்டமாகியும் கிடந்த ஊரை அவர்கள் மீண்டும் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மீண்டவர்கள் எதிர்கொண்ட முதல் அச்சங்களுள் ஒன்று கரி நிலையம். அதன் சாம்பர் வயலிற் படியுமோ, பொறிகளைக் குளிரச்செய்து வெளியேறும் சுடுநீர் குடாவின் மீனை விரட்டுமோ என்று உழவரும் மீனவரும் கவலையுற்றனர். ஊர் மக்கள் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தனர். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016 செப்தெம்பரில், அக்கரி நிலையம் கட்டப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் திணைக்களம் நீதிமன்றத்திற்கு அறிவித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிங்ரௌலியில் கேட்கப்படாத குரல், சம்பூரில் ஓரளவேனும் கேட்கப்பட்டது.

அதன்பின்னர் ஆறாண்டுகள் கழிந்தன. 2022 மார்ச்சில், எரிபொருள் வாங்க வெளிநாட்டு நாணயமின்றி நாடு தத்தளித்து, மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட அதே மாதத்தில், சம்பூரில் சூரிய மின்னிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. முதற் கட்டம் 50 மெகாவாற்று, இரண்டாம் கட்டம் 70 மெகாவாற்று. அலகொன்றின் விலை 5.97 அமெரிக்கச் சதம் என முடிவாயிற்று. 2025 ஏப்பிரல் 5 ஆம் நாள், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்புக்கு வருகை தந்தபோது, அவரும் சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்தவாறே அதன் பணியைத் தொடக்கிவைத்தனர்.

இரு திட்டங்களையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். 500 மெகாவாற்றுக் கரி நிலையம் இரவும் பகலும் இயங்கவல்லது. 120 மெகாவாற்றுச் சூரிய நிலையமோ, இரவையும் முகிலையும் மழையையும் கழித்துப் பார்த்தால், தன் முழுவலுவில் ஐந்திலொரு பங்களவையே ஆண்டுச் சராசரியாகத் தரும். ஆகவே ஏறத்தாழ ஒரே அளவு நிலத்திலிருந்து கிடைக்கும் மின்சாரம் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாகின்றது. ஆனால் கரி நிலையத்திற்கு வேறு நாட்டில் ஒரு சுரங்கமும், கடலில் கப்பலும், கரையில் இறங்குதுறையும், ஊரருகே சாம்பர்க் குளமும் வேண்டும். அவற்றையும் கூட்டினால் கரி கொள்ளும் இடம் 500 ஏக்கருடன் நில்லாது. அன்றியும் கரியை ஒவ்வொரு நாளும் டொலர் கொடுத்து வாங்க வேண்டும். ஞாயிறு எவரிடமும் விலைச்சீட்டு நீட்டுவதில்லை. 2022 இன் துன்பத்தை அனுபவித்த நாட்டிற்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் ஒளி மிகுவதாலும் இடர் உண்டு என்பதை இலங்கை 2025 இல் கண்டது. அவ்வாண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு கம்பியில் பட்டதனால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. குரங்கின் குற்றமென்று பலர் நகைத்தனர். ஆனால் விடுமுறை நாளாதலால் மின் தேவை குறைந்திருந்தது. கூரைத் தகடுகளிலிருந்து பாய்ந்த மின்சாரமோ மிகுந்திருந்தது. பாரிய சுழலிகள் சுழலும்போது அவற்றின் கனமே, வண்டிச் சில்லு தன் வேகத்தில் உருள்வது போல, மின்தொகுதியின் ஓட்டத்தைச் சிறு அதிர்ச்சிகளில் நிலைநிறுத்தும். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. ஆதலால் அத்தாங்குதல் அங்கில்லை. அவ்வேளை சிறு அதிர்ச்சியே பெருவீழ்ச்சியாயிற்று. அதே ஆண்டு ஏப்பிரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வீட்டுக்காரரை வேண்ட நேர்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் மின்சாரத்திற்கு ஏங்கிய நாடு, பகலில் அதனை வேண்டாமெனச் சொல்லும் நிலையும் வந்தது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு தாழ்ந்த நீர்த்தேக்கத்தின் நீரை உயர்ந்த தேக்கத்திற்கு ஏற்றி, மாலையில் அதனை இறக்கி மின்னாக்கும் முறை மலைநாட்டிற்கு மிகப் பொருத்தமானது. மகா ஓயாவில் 600 மெகாவாற்றளவில் அத்தகைய நிலையமொன்று திட்டமிடப்பட்டுள்ளது. பெரிய மின்கலத் தொகுதிகளும் உண்டு. முற்காலத்து வேந்தர் மாரி நீரைக் குளங்களில் தேக்கிவைத்துக் கோடையில் வயலுக்குப் பாய்ச்சினர். மழை பெய்யும் காலமும் பயிர் நீர் கேட்கும் காலமும் வேறென்று அவர் அறிந்திருந்தனர். பகலொளிக்கும் அத்தகைய குளங்கள் வேண்டும். குளம் வெட்டாமல் மழையை மட்டும் புகழ்பவன் நல்ல உழவனல்லன்.

எஞ்சி நிற்பது நிலத்தின் வினா. சூரிய நிலையம் ஒரு மெகாவாற்றுக்கு நான்கைந்து ஏக்கர் கேட்கும். காவ்டாவின் உவர்வெளி அதனைத் தாங்கும். இராமகுண்டத்தின் நீர்ப்பரப்பும் தாங்கும். உழும் வயலும் மேயும் புலமும் தாங்குமா? 2025 இல், திருகோணமலை மாவட்டத்து முத்துநகர் உழவர், தாம் பயிர்செய்துவந்த நிலம் சூரிய மின் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்துப் போராடினர். அத்திட்டங்கள் சம்பூர் திட்டத்தின் வேறானவை. ஆயினும் வினா ஒன்றே. சாம்பர் இல்லாத மின்சாரமாயினும், உழவனைக் கேளாமல் அவன் வயலிற் கம்பம் நடுமாயின், அது சிங்ரௌலியின் பழைய வழியிலேயே நடக்கின்றது. எரிபொருள் தூய்மையாதல் வேறு, செயல் தூய்மையாதல் வேறு.

ஆகவே என்.ரி.பி.சி. போன்ற பெருநிறுவனமொன்றின் திருப்பத்தை அளக்க மூன்று அளவுகோல்கள் வேண்டும். எத்தனை மெகாவாற்றுத் தகடுகள் நாட்டப்பட்டன என்பது முதலாவது. அவற்றிற்கு ஈடாக எத்தனை கரிப் பொறிகள் ஓய்ந்தன, மாலை விளக்கு எதனால் எரிகின்றது என்பது இரண்டாவது. நிலம் தந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்பது மூன்றாவது. முதலாவதை அறிக்கைகள் விரிவாகச் சொல்லும். இரண்டாவதை மின்தொகுதியின் கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் அறிவர். மூன்றாவதை அந்த ஊராரே சொல்லுதல் வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் முகாமில் இருந்து மீண்ட சம்பூர்க் குடியானவனுக்குத் தகட்டின் ஆற்றலையும் அலகின் விலையையும் பற்றிய கணக்குகள் தொலைவானவை. தன் கிணற்று நீர் கெடாதிருத்தல் வேண்டும். மாடு மேய்க்கும் வழி அடைபடாதிருத்தல் வேண்டும். அருகே பிறக்கும் மின்சாரம் தன் பிள்ளையின் மேசைக்கும் வந்து சேர்தல் வேண்டும். எழும் நிலையத்தில் தன் ஊர் இளைஞருக்குத் தொழில் வாய்த்தல் வேண்டும். அவன் கேட்பவை இவையே. கரியை விட்டுக் கதிரை நாடிய நிறுவனம் அக்கேள்விக்கு விடை சொல்லிவிடுமாயின், அதன் திருப்பம் முழுமை பெற்றதாகும்.